ஏழாம் மேசைக்கு இரண்டு பெனடிக்ற்

ஞாயிறு காலை பத்து மணி தொடங்கி
என் புருசனின் பெயரை
இருபது தரமாவது கூப்பிடுவார்கள்.

"ஏழாம் மேசை, ரெண்டு பெனடிக்ற்!
பன்னிரண்டு, ஒரு பெனடிக்ற், ஹாம் வேண்டாம்,
சூரைமீன் வை!"
அஸ்மீரின் குரல் குசினிக் கதவை
முழங்கையால் திறந்துகொண்டு வரும்.

கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்கு வந்த முதற்கிழமை
அந்தத் துண்டுச்சீட்டைக் கையில் வைத்தபடி
கொஞ்சநேரம் நின்றுவிட்டேன்.
வாசிக்கத் தெரியாதா என்று கேட்டார் செஃப் இந்துனில்.
தெரியும் சேர்.
கொட்டாஞ்சேனைக் கோயில் பதிவுப் புத்தகத்தில்
இந்தப் பெயருக்குக் கீழேதான் கையெழுத்து வைத்தேன்.
ஆசீர்வாதப்பரின் பெயர், நல்ல பெயர் என்றார்
அன்றைக்குச் சுவாமியார்.
இதெல்லாம் சொல்லவில்லை.
"தெரியும் சேர்" மட்டும் சொன்னேன்.

தண்ணீர் கொதிக்கக் கூடாது,
கொதிக்கலாமா என்று யோசிக்கிற மட்டில் நிற்கவேண்டும்.
ஒரு மூடி வினாகிரி.
கரண்டியால் ஒரு சுழி.
சுழியின் நடுவில் முட்டையை விட்டால்
வெள்ளை தன்னைத்தானே போர்த்திக்கொள்ளும்,
பூசையில் முக்காடு இழுத்துவிடுகிற மாதிரி.
கடற்கரை ரயில் போகிறபோது
சட்டித் தண்ணீர் சிலிர்க்கும்.
அந்நேரம் முட்டை விடப்படாது.
இதை யாரும் சொல்லித்தரவில்லை,
கலைந்துபோன பத்துப் பதினைந்து முட்டையைத் தவிர.

சோஸ்தான் பொல்லாதது.
மஞ்சள் கருவுக்கும் பட்டருக்கும்
பிறவியிலேயே ஒத்துவராது.
தேசிக்காய்ப் புளியும் இளஞ்சூடும்
நிற்காத ஒரு கையும் இருந்தால்
ஒற்றுமையாய் இருப்பதுபோல் இருக்கும்.
கை நின்றால் திரியும்.
பால் திரியும், மனம் திரியும்,
வேலை தேடி ஆள் திரியும்,
எங்கள் பாசையில் எல்லாத்துக்கும் ஒரே சொல்.
கட்டாரில் திரிகிறான் என்று
அவனுடைய தமக்கை சொன்னாள்,
அதுவும் இரண்டு வருசத்துக்கு முந்தி.

போன ஞாயிறு மழை விட்டு வெயில் எறித்த நேரம்.
மேசை கிடைக்காமல் வாசலில் சனம்.
ஒன்பது மஞ்சள் கரு என் கையடியில்.
உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் போன் துள்ளியது.
ஒன்பது ஏழு நான்கு என்று தொடங்கும் இலக்கம்.

பட்டர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.
நூல் அறுந்தால் ஒன்பதும் வீண்,
காசு என் சம்பளத்தில் போகும்.
முட்டை என்ன விலை விற்கிறதென்று
அங்கே இருக்கிறவனுக்குத் தெரியுமா?

அடித்தது. நின்றது.
திரும்ப அடித்தது.
"ஆர், வீட்டிலிருந்தா?" என்று சிங்களத்தில் கேட்டார் இந்துனில்.
தலையை ஆட்டினேன்,
ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம்.

அதற்குள் அஸ்மீர்:
"மெற்றில்டா அக்கா, பெனடிக்ற் எங்கே?
இன்னும் வரவில்லை என்று அந்தம்மா ஏசுறா!"

எட்டு வருசமாக நானும் அதைத்தான் கேட்கிறேன்.

சிரிப்பு வந்துவிட்டது.
தோள் குலுங்கச் சிரித்தேன்.
கை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.
மூன்றாம் முறை போன் அடங்கியபோது
சோஸ் கரண்டியின் முதுகில் ஒட்டி நின்றது,
திரியாமல், மினுங்கிக்கொண்டு.

மூன்று மணிக்கு ஒரு தட்டு திரும்பி வந்தது.
ஒரு முட்டை தின்றிருக்கிறது, மற்றது தொடவில்லை,
மேலே மெல்லிய ஆடை.
பின்கதவில் காகங்களைக் கலைத்துவிட்டு
நின்றபடியே கத்தியால் கீறினேன்.
கரண்டி நுனியில் ருசி பார்த்ததுதான் இவ்வளவு காலம்,
முழுசாய்த் தின்றதில்லை.
ஆறிப்போயும் மஞ்சள் ஓடி வந்து
மஃபினை நனைத்தது.

நல்லாத்தான் இருந்தது.
தேசிக்காய் ஒரு சொட்டுக் காணாது.
வாற ஞாயிறு கூட விடவேண்டும்.

இந்த இலக்கத்துக்கு என்ன பெயர் போடுவது என்று
போன் கேட்டுக்கொண்டிருந்தது.
விரலெல்லாம் பட்டர்.
தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்,
ஓர் எழுத்தும் பதியவில்லை.